டெல்லி பேசும் என்று நான்தான் சொன்னேன்

இலங்கை மலைநாட்டில், வட்டவளைச் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிற பதினோரு பேரில் வெளிநாட்டுச் சங்கதி தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் பெருமையெல்லாம் போன மாதத்தோடு தீர்ந்துபோயிற்று. என் பெயர் சோலைமலை. ஆனால் சந்தியில் எல்லாரும் 'டெல்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தியாவைப் பற்றி யாராவது இளக்காரமாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அதனால் வந்த பெயர்.

உக்ரேன் சண்டை தொடங்கியதிலிருந்து முத்துலிங்கத்தின் தேத்தண்ணிக் கடையில் தினமும் இதே வம்புதான். "என்னா டெல்லி, ஐ.நா.வுல ஓட்டு எடுத்தாங்களாம், ஒங்க ஆளுங்க கையவே தூக்கலையாமே?" என்று வேண்டுமென்றே சீண்டுவார்கள். நான் சும்மா இருப்பேனா?

"அட மக்குப் பசங்களா, ரஷ்யாவும் கூட்டாளி, அமெரிக்காவும் கூட்டாளி. எண்ணெய் இவன்கிட்ட வாங்கணும், யாவாரம் அவன்கூட பண்ணணும். வளந்து வர்ற நாடு எதுக்குடா அடுத்தவன் சண்டையில போயி வாயைக் குடுக்கணும்? ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுங்கப்பான்னு சொல்லிட்டு கம்முனு இருக்குது பாரு, அதுதான் கெட்டிக்காரத்தனம்."

அப்படிப் பேசும்போது நானே ஒரு மந்திரி மாதிரி இருக்கும். வெளியே நிற்கிற ஓட்டோவில் ஒரு சக்கரத்துக்குக் காற்று இருக்காது, அது வேறு விஷயம்.

அந்தச் சண்டைக்குள் என் தங்கச்சி மகன் போய் மாட்டுவான் என்று யார் கண்டது?

தங்கச்சி ராசம்மா தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறாள். மச்சான் குளவி கொட்டிச் செத்து ஏழு வருஷமாகிறது. ஒரே பையன், நிரோஷன். இருபத்தாறு வயது. ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றான். எவனோ ஒரு ஏஜென்சிக்காரன், ரஷ்யாவில் கேம்ப் ஒன்றில் சமையல் வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினான். ராசம்மா என்னிடம் வந்து கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரஷ்யாதானே? நம்ம இந்தியாவோட கூட்டாளி நாடு. கண்ண மூடிட்டு அனுப்பு" என்றேன். என் ஓட்டோவில்தான் அவனை பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். பயணப் பை பெரிதாக இருந்தது என்று அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இருபது நாள் கழித்து வாட்சப்பில் குரல் வந்தது.

"மாமா, சமையல் இல்ல மாமா. ரஷ்யா பாஷையில ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, பாஸ்போட்டையும் வாங்கிட்டாங்க. இப்ப சுடறதுக்குத் துவக்கு குடுத்துட்டாங்க. பங்கர் வெட்டச் சொல்றாங்க. வெட்டி முடிச்சா அதுக்குள்ளயே இருக்கச் சொல்றாங்க. நம்ம நாட்டுக்காரங்க மூணு பேரு இருந்தோம். குருநாகல் அண்ணே ஒருத்தர் முந்தாநேத்து செத்துட்டாரு. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

அம்மாவிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது? அவளுடைய போனுக்குத்தான் அந்தக் குரல் வந்தது. அவளுக்கு அதைத் திறக்கத் தெரியாது, என்னிடம்தான் கொண்டுவருவாள் என்று அவனுக்குத் தெரியும்; அப்படித்தான் கொண்டுவந்திருந்தாள். பக்கத்திலேயே நின்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் நாங்கள் இருவரும் ஜெயரத்தினம் ஐயாவைப் பார்க்கப் போனோம். பிரதேச செயலகத்தில் உத்தியோகம் பார்க்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், பன்னிரண்டு வருஷமாக இந்தப் பக்கம்தான் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார், ஆனால் வேலை செய்து கொடுப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"ரஷ்யப் படையிலே மாட்டுப்பட்ட ஆக்களின்ர விபரத்தைக் கொழும்பு சேர்க்குது. இதை நிரப்பித் தாங்கோ. திங்கக்கிழமை நானே அனுப்பிவிடுறன். கெதியிலே, நாலைஞ்சு நாளிலே நடக்குமெண்டு சொல்லமாட்டன். ஆனால் வழி இதுதான்."

ராசம்மா கையெழுத்துப் போட்டாள். அவளுடைய கையெழுத்து நாலு எழுத்து, அதைப் போட்டு முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

அத்தோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் செய்தி வந்தது. ரஷ்யப் படையில் சிக்கிய இந்தியர்களை விடச் சொல்லி டெல்லி கேட்டிருக்கிறதாம், மொஸ்கோவும் சரி என்று சொல்லிவிட்டதாம். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ராசம்மா வீட்டுக்கு ஓடினேன்.

"முடிஞ்சுது ராசம்மா! ஒன் மகன் வந்துட்டான்னு நெனச்சுக்க!"

"எப்பிடிண்ணே? அது இந்தியாக்காரவங்களுக்குத்தானே?"

"நாம யாரு பின்ன? நீ இருக்கற வீடு யாரு கட்டிக் குடுத்தது? இந்தியாதானே? செவுத்துல ரெண்டு கொடியும் போட்டுக் கல்லு பதிச்சிருக்கே, பாக்கலயா? நிரோஷனோட பொறப்புப் பத்திரத்த எடு. இனம்ங்கற எடத்துல என்னா போட்டிருக்கு? இந்தியத் தமிழர். நானா எழுதினேன்? கவர்மெண்டு எழுதிக் குடுத்தது."

"பொய் சொன்ன மாதிரி ஆகாதா?"

"எது பொய்? நம்ம பாட்டன் எங்கேருந்து வந்தாரு, ஆகாசத்துலேருந்தா? துறையூருலேருந்து நடந்து வந்தாரு."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னால் அவளுக்குப் போதும். மச்சான் செத்ததிலிருந்து எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக ஜெயரத்தினம் ஐயாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அந்த ஃபோமை அனுப்பாதீங்க. குடுத்துடுங்க."

"ஏன், என்ன நடந்தது?"

நான் விளக்கினேன். தோட்டத்தில் ஒரு நடைமுறை உண்டு. நம்முடைய சந்தா எந்தத் தொழிற்சங்கத்துக்குப் போகிறதோ அந்தச் சங்கத்துத் தலைவர்தான் துரையிடம் போய் நமக்காகப் பேசுவார். ரெண்டு சங்கத்தில் பெயர் இருந்தால், வேலை நிறுத்தப்பட்டு நிற்கிற அன்றைக்கு ரெண்டு தலைவரும் 'அவர் பேசட்டும்' என்று ஒதுங்கிவிடுவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் விவரம் தெரிந்தவன் ஒரே சங்கத்தில் இருப்பான், அதுவும் பெரிய சங்கமாகப் பார்த்து இருப்பான். இலங்கை பெட்ரோலுக்கே வரிசையில் நின்ற நாடு. இது கேட்டால் ரஷ்யாக்காரன் திரும்பியாவது பார்ப்பானா? இந்தியா கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லுவான்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "சோலைமலை, இது தோட்டத்துச் சங்கம் இல்லை. பெடியன்ர பாஸ்போட் எந்த நாட்டுதோ அந்த நாடுதான் கேக்கோணும். தன்ர ஆக்களுக்காகவே மெல்லமாத்தான் கதைக்கிற நாடு இந்தியா. இலங்கைப் பெடியனுக்காக ஏன் ரஷ்யாவோட கதைக்கப்போகுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஒங்களுக்கு இந்தியான்னாலே ஆகாது ஐயா. அது ஒங்க ஊருக்கு இந்தியா ஆமி வந்த காலத்துக் கோவம். எங்க மேல அத எறக்காதீங்க!"

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அலுமாரியைத் திறந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தார். நான் ஜெயித்த மாதிரி வெளியே வந்தேன்.

அன்று மத்தியானம் நிரோஷன் பேசினான். சமையல் கூடாரத்துப் பக்கம் போனால்தான் அவனுக்கு வைஃபை கிடைக்கும். பிறப்புப் பத்திரத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன்.

"பாஸ்போட் இலங்கைதானே மாமா?" என்று கேட்டான்.

"அதைத்தான் அவனுங்க வாங்கி எங்கயோ போட்டுட்டாங்களே, யாரு பாக்கப்போறா? இந்தியான்னு சொல்லு. யாரு கேட்டாலும் அதையே சொல்லு."

மூன்று நாளில் செய்தி வந்தது. "மாமா, பேரு சேத்துட்டாங்க. எங்க கூட ஆறு இந்தியாக்காரங்க இருக்காங்க. அதுல மதுரைப் பையன் ஒருத்தன் ரஷ்யாக்காரன்கிட்ட பேசிச் சேத்துவிட்டான். ஏழாவது பேரு நான். இன்னொரு சங்கதி மாமா. இங்க யாரும் இலங்கைக்காரங்க இருந்தா கை தூக்குங்கன்னு நேத்து ஒரு ஆபீசர் வந்து கேட்டாரு. நம்ம இலங்கை எம்பசி கேட்டிருக்காம். மிச்சமிருந்த மாத்தறைக்கார அண்ணே தூக்கினாரு. நீங்க சொன்ன மாதிரி நான் தூக்கல."

"கெட்டிக்காரன்டா நீ!" என்றேன். சந்தோஷத்தில் முத்துலிங்கம் கடையில் இருந்த எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ஒருத்தரும் என்னைச் சீண்டவில்லை.

ரெண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ராசம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "கண்டியில இந்தியாவோட ஆபீசு இருக்குங்கறாங்களே, ஒரு எட்டு போயி சொல்லிட்டு வருவோம்ணே" என்றாள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அவள் ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு வந்தாள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக பஸ்ஸில் போனோம். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். மனு ஒன்று எழுதி, பிறப்புப் பத்திரத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

அங்கே எங்களோடு பேசியவர் சின்ன வயதுக்காரர், சேலம் பக்கமாம். நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மனுவை முழுதும் படித்தார். அதட்டி விரட்டியிருந்தால்கூட எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"அம்மா, இவர் இலங்கைக் குடிமகன்தானே? நீங்க உங்க வெளியுறவு அமைச்சகத்துலதான் கேக்கணும்."

"நாங்க இந்திய வம்சாவளிங்கய்யா" என்றாள் ராசம்மா. "நாங்க குடியிருக்கற வீடே நீங்க கட்டிக் குடுத்ததுங்க."

"வீடு கட்டித் தர்றது வேற அம்மா. இது வேற." அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "சார், உங்களுக்குப் புரியும்னு நெனைக்கிறேன். அங்க சண்டை நடக்குது. ரெண்டு பக்கத்தோடவும் எங்களுக்கு உறவு இருக்கு. எங்க ஆளுங்களை விடச் சொல்லியே ரொம்பப் பக்குவமாத்தான் பேசிட்டிருக்கோம். இன்னொரு நாட்டுக் குடிமகனுக்காகப் பேசினா, உங்களுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பாங்க. உங்க அரசாங்கமும் அதையேதான் கேக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று. வளர்ந்து வருகிற நாடு எதற்கு அடுத்தவன் சண்டையில் வாயைக் கொடுக்க வேண்டும் என்று ரெண்டு வருஷமாகக் கடையில் உட்கார்ந்து சொன்னது நான்தானே? என் பேச்சையே என் முன்னால் மரியாதையாக எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

ராசம்மா விடவில்லை. "லிஸ்டுல எம் மகன் பேரு ஏழாவதா இருக்குங்கய்யா. நீங்க ஒண்ணும் பேச வேணாம். இருக்கற பேர மட்டும் விட்டுவச்சா போதும்."

அவர் நிமிர்ந்தார். "எந்த லிஸ்ட்?"

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அதற்குள் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். அப்போது அது தோன்றவில்லை.

"இதை நான் கேக்காத மாதிரியே வச்சுக்கறேன் அம்மா. ஆனா விடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேரையும் பாஸ்போர்ட் நம்பரோட சரிபார்ப்பாங்க. அங்க இந்தப் பேரு நிக்காது. சீக்கிரமா உங்க அரசாங்கத்துக்கிட்ட போங்க. தயவுசெஞ்சு இன்னைக்கே போங்க." மனுவையும் வாங்கி வைத்துக்கொண்டார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பி வரும்போது ராசம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "நம்ம மேல அவங்களுக்குக் கோவமாண்ணே?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன்.

மறுநாள் ஜெயரத்தினம் ஐயாவின் மேசை முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? நின்றேன். "மன்னிச்சுக்குங்க ஐயா" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டவில்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்துத் தானே நிரப்பினார். அன்றே கொழும்புக்கு அனுப்பினார். அதோடு விடாமல் போனிலும் பேசினார், நாலு தரம் பேசினார். பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பதில் வந்திருக்கு. அந்த முகாமிலே இலங்கையர் எண்டு பதிஞ்சது ஒரேயொரு ஆள்தானாம், மாத்தறையிலே இருந்து போனவர். அவரைச் சண்டையிலே இருந்து பின்னுக்கு எடுத்திட்டினம். நிரோஷன் எண்டு இலங்கையர் ஒருத்தரும் இல்லையாம். அந்தப் பேரிலே இருக்கிறது ஒரு இந்தியராம்."

"இப்ப என்னங்கய்யா செய்யறது?"

"இந்தியா அந்தப் பேரைத் தன்ர பட்டியலிலே இருந்து எடுக்கோணும். பிறகு ரஷ்யாக்காரர் பதிவை மாத்தோணும். அதுக்குப் பிறகுதான் கொழும்பு கேக்கலாம்."

"எத்தன நாளாவும்?"

"தெரியாது" என்றார். என்மேல் கோபப்படுவார் என்று நின்றேன். கோபப்படவில்லை. "இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். பாதியோடு கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ராசம்மாவிடம் நான் முழுதும் சொல்லவில்லை. கொஞ்சம் சுணங்கும் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருக்கலாம். "நீ சொன்னா சரிண்ணே" என்றாள்.

நேற்று செவ்வாய்க்கிழமை. பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் நான் மேல் டிவிஷனில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ராசம்மா நிறுவை இடத்திலிருந்து கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. நிரோஷன்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, இந்தியாக்காரங்க போயிட்டாங்க."

"என்னடா சொல்ற?"

"காலையில, தோட்டத்துப் பெரட்டுல வேலை பிரிக்க நிக்கற மாதிரி வரிசையில நிக்கவச்சு பேரு கூப்பிட்டாங்க. ஆறு பேரு வாசிச்சாங்க மாமா. ஏழாவதா வாசிக்கல. வாசிக்க மறந்துட்டாங்கன்னு நெனச்சு நானா போயி லொறியில ஏறிட்டேன். ஒரு ஆளு வந்து பாஸ்போட்டக் காட்டி எறக்கிவிட்டாரு. அடிக்கல, நல்ல மாதிரிதான் எறக்கினாரு. மதுரைப் பையன் எனக்காக ரொம்பக் கெஞ்சினான். அவன் ஜாக்கெட்டக் கழட்டிக் குடுத்துட்டு அழுதுகிட்டே போனான்."

"நிரோஷா, எம் புள்ள..." என்று ராசம்மா போனைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா, நல்லாருக்கேம்மா. அழாதீங்க. சாப்பிட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாமா, நேரமில்ல. நாளைக்கு எங்கள சண்டைக்கு முன்னுக்குக் கொண்டுபோறாங்க. போறதுக்கு முன்ன ஒரு ஃபோம் எழுதறாங்க. இப்ப என் முன்னாலதான் ஆபீசர் நிக்கறாரு. செத்துட்டா பொணத்த எந்த நாட்டுக்கு அனுப்பறதுன்னு கேக்கறாரு. ரெஜிஸ்டர்ல இந்தியான்னு இருக்காம், பாஸ்போட்டுல இலங்கைன்னு இருக்காம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கறாரு. தப்பாச் சொன்னா யாரும் வாங்கமாட்டாங்களாம். எந்த நாடுன்னு சொல்லட்டும் மாமா?"

வாயைத் திறந்தேன். இலங்கை என்று சொன்னால், அந்தப் பெயரில் இலங்கையர் யாருமே இல்லை என்று அவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இந்தியா என்று ஒரு தடவை சொல்லித்தான் பிள்ளையை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன். அமெரிக்கா என்ன நினைக்கிறது, சீனா என்ன நினைக்கிறது என்று சந்தியில் யார் கேட்டாலும் மூச்சு விடாமல் பதில் சொல்கிறவன் நான்.

ராசம்மா என் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுண்ணே. ஒனக்குத்தானே தெரியும், சொல்லுண்ணே!"

"மாமா, இருக்கீங்களா? சீக்கிரம் சொல்லுங்க, அவரு எழுதறதுக்கு நிக்கறாரு."